மனநல ஆஸ்பத்திரிக்கு ஒரு சிற்றாலயம்: முதலில் கதவை வரையுங்கள்

நித்திரை வரவில்லை, மகன் போதைக்குள் போய்விட்டான், கணவருக்குச் சந்தேகம் என்று வரும் கடிதங்களுக்கு நடுவே இந்த முறை வேறு மாதிரி ஒன்று வந்திருக்கிறது. எழுதியவர் திருகோணமலையைச் சேர்ந்த 29 வயதுப் பெண், கட்டடக் கலைஞர். ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். அவரையும் அந்த மருத்துவமனையையும் யாரும் கண்டுபிடிக்காதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறேன்.

நகரத்துக்குச் சற்று வெளியே, கடலுக்குக் கிட்ட, ஒரு கிறிஸ்தவ அறக்கட்டளை நடத்தும் 40 கட்டில் மனநல மருத்துவமனை. அதன் வளவுக்குள் ஒரு சிற்றாலயம் கட்ட வேண்டும். இவருக்குத் தனியாகக் கிடைத்த முதல் வேலை இது. பணம் கனடாவில் இருக்கும் ஒரு குடும்பத்தினுடையது. 2004 சுனாமியில் போன அப்பா அம்மாவின் நினைவாகக் கட்டுகிறார்கள். பீடத்துக்குப் பின்னால் கடல் தெரிய வேண்டும், மணிக்கோபுரம் வேண்டும், நிறக் கண்ணாடி யன்னல் வேண்டும், பெயர்க் கல் வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். நிர்வாகிக்கு நேர்மாறான எண்ணம்: கம்பி போட்ட சின்ன யன்னல், ஒரே கதவு, அதற்கொரு பூட்டு, அவ்வளவு போதும். தாதியர் சிலர், இருக்கிற நோயாளர் சாமி என்றும் சாத்தான் என்றும் சத்தம் போடுவது காணாதா, கோயில் வேறு எதற்கு என்கிறார்களாம். நோயாளரில் பாதிக்கு மேல் சைவர்களும் முஸ்லிம்களும். ஆகவே சிலுவை, ஓம், பிறை மூன்றையும் ஒரே சுவரில் வைத்துவிட்டால் பிரச்சினை தீருமா என்று கேட்கிறார். "சாக வேண்டும் என்று தீர்மானித்தவரைத் தடுக்க முடியாதே, அப்படியிருக்க பாதுகாப்பு என்ற பெயரில் அழகை ஏன் கெடுக்க வேண்டும்?" என்பதும் அவர் கேள்வி.

கடைசிப் பக்கத்தில்தான் உண்மையான பாரம் இருக்கிறது. இவருடைய அண்ணாவுக்கு 19 வயதில் வருத்தம் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எழுந்து நின்று, கடவுள் தன்னை அனுப்பியிருக்கிறார் என்று சொன்னாராம். "நான் கட்டும் இடம் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அதையே செய்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது டொக்டர். அளவெடுக்க வாட்டுக்குள் போன அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். நான் இந்த வேலைக்குச் சரியான ஆளா?"

தங்கச்சி, அழுததைப் பற்றி முதலில் கதைப்போம். அண்ணாவை அந்தக் கட்டில்களில் ஒன்றில் பார்த்திருப்பீர்கள், வேறென்ன. அழாமல் வந்திருந்தால்தான் நான் யோசித்திருப்பேன். அந்த அழுகை நாட்கணக்கில் தொடர்ந்து, நித்திரையைக் கெடுத்தால் மட்டும் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். மற்றபடி நீங்கள் சரியான ஆள்தான். அதற்கு ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள்: வாட்டில் ஒரு ஐயா உங்கள் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "நாங்கள் நினைச்ச நேரம் உள்ளுக்குப் போகலாமோ பிள்ளை?" என்று கேட்டார் என்று. கொடையாளர் சொன்னதையும் நிர்வாகி சொன்னதையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐயா கேட்டதுதான் உங்களுக்குத் தரப்பட்ட வேலை.

யோசித்துப் பாருங்கள். மனநல வாட்டில் இருப்பவருக்கு எழும்பும் நேரம், குளிக்கும் நேரம், சாப்பாடு, குளிசை, பார்வையாளர் நேரம் எல்லாம் மற்றவர்கள் முடிவெடுப்பது. கதவை எந்தப் பக்கம் யார் திறப்பது என்பதும் அப்படித்தான். நான் உட்பட, கிட்ட வரும் ஒவ்வொருவரும் அவரிடம் ஏதோ ஒன்றைக் கேட்கிறோம்: எப்படி இருக்கிறீர்கள், குரல் கேட்கிறதா, மருந்து போட்டீர்களா. யாரும் எதுவும் கேட்காத ஒரு அறை அந்த வளவுக்குள் இருக்குமென்றால் அது சிற்றாலயமாகத்தான் இருக்க முடியும். அங்கே சிகிச்சை நடக்காது, பதிவேட்டில் எதையும் எழுத மாட்டார்கள். தானாக வந்து, தானாக இருந்து, தானாக எழும்பிப் போகலாம். ஆகவே கோபுரத்தையும் யன்னலையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கதவை முதலில் வரையுங்கள்.

நான் முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் ஒரு அம்மா இருந்தார். பின்னேரத் தேத்தண்ணி முடிந்ததும் சிற்றாலயத்துப் படிக்கு வருவார், செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே இருப்பார். மூன்று கிழமைக்கு மேல் அப்படித்தான். ஒரு மிஸ்ஸி அன்பாகத்தான் "உள்ளுக்கு வாங்கோ அம்மா" என்று கூப்பிட்டார். அன்று எழும்பிப் போய்விட்டார், இரண்டு நாள் வரவில்லை. பிறகு யாரும் கூப்பிடவில்லை. மாரி தொடங்கி ஒரு நாள் மழை படியில் அடித்தபோது உள்ளே நகர்ந்து, கடைசி வாங்கின் ஓரத்தில், கதவைப் பார்த்தபடி இருந்தார். செருப்பு அப்போதும் மடியில்தான். குணமாகி வீட்டுக்குப் போகும்போது சொன்னார்: "உள்ளே போனால் கதவைச் சாத்திப்போடுவினம் எண்டு நினைச்சன் டொக்டர்."

ஒரே கதவு, அதற்கொரு பூட்டு என்று நிர்வாகி கேட்பது அந்த அம்மாவைப் படியிலேயே வைத்திருக்கும். இரண்டு வாசல் வையுங்கள், எந்த வாங்கில் இருந்தாலும் ஒன்றாவது கண்ணில் படும்படி. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளிருந்து முட்டுக் கொடுத்து அடைக்க முடியாது, அவசரத்துக்கு ஆட்களும் உடனே உள்ளே வரலாம். கடைசி வாங்கைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்க முடியாத இடம் சிலருக்குக் கட்டாயம் வேண்டும். செருப்பு வைக்க வாங்குக்குக் கீழேயே ஒரு தட்டு, வாசலில் வேண்டாம்.

கடல் எல்லோருக்கும் கடல் அல்ல

யன்னலுக்கு வெளியே இயற்கை தெரிந்தால் நோயாளர் சீக்கிரம் தேறுவார்கள் என்ற ஆய்வைக் காட்டி, கொடையாளரின் கடல் ஆசைக்கு நியாயம் சொல்கிறீர்கள். அது ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு. பித்தப்பை சத்திரசிகிச்சை செய்துகொண்ட 46 பேரில், யன்னலால் மரம் தெரிந்தவர்கள் செங்கற் சுவர் தெரிந்தவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாக வீடு போனார்கள், வலிமருந்தும் குறைவாக எடுத்தார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் அவர்கள் பித்தப்பை நோயாளர், அவர்கள் பார்த்தது மரம். எங்கள் கரையில் 2004 டிசம்பர் 26 காலையில் பிள்ளையைக் கையில் இருந்து தவறவிட்ட ஒருவருக்கு, பீடத்துக்குப் பின்னால் பெரிய கண்ணாடியில் கடலைக் காட்டி இப்போது செபியுங்கள் என்று சொல்லலாமா? இந்த மாவட்டத்தில் அந்த ஒருவர் கட்டாயம் அந்த வாட்டில் இருப்பார், அல்லது அவருடைய மகள் இருப்பார். கடலே சோறு போட்ட, கடலைப் பார்த்தால்தான் மூச்சு வரும் மீனவரும் பக்கத்துக் கட்டிலில் இருப்பார் என்பதும் உண்மை. அதனால் கடலை மறைக்கவும் வேண்டாம், முன்னால் நிறுத்தவும் வேண்டாம். பக்கவாட்டு விறாந்தையில் ஒரு மூலையில் இருந்து தெரியட்டும். பார்க்க விரும்புகிறவர் எழும்பி அங்கே நடந்து போவார்.

பீடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம், அதில் ஒரு வேம்பு அல்லது பூவரசு, அது போதும். ஏற்கனவே மரம் நிற்கும் பக்கத்தில் பீடத்தை வைத்தால் இன்னும் நல்லது.

இதைக் கொடையாளரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். அவர்களும் அந்தக் கடலிடம் பறிகொடுத்தவர்கள்தானே, விளங்கிக்கொள்வார்கள். அவர்களுக்குக் கடல் இப்போது தூரத்து நினைவு, வாட்டில் இருப்பவருக்கு அது இரவில் கேட்கும் சத்தம் என்று சொல்லிப் பாருங்கள். சட்டப்படியும் ஒரு விஷயம் இருக்கிறது: 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டில் இருந்து 300 மீற்றர் வரைக்கும் கரையோர வலயம். அதற்குள் கட்ட அனுமதி எடுக்க வேண்டும்.

மருந்து குடிக்கும் உடம்புக்காகக் கட்டுங்கள்

கட்டடக் கலைஞர்கள் நோயாளியின் மனதைப் பற்றி நிறைய யோசிப்பீர்கள், அவர் உடம்பை மறந்துவிடுவீர்கள். உங்கள் வரைபடத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. எங்கள் மருந்துகள் உடம்பில் என்ன செய்கின்றன என்று சொல்கிறேன், அதிலிருந்தே பாதிக் கட்டடம் எழும்பும்.

மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்துகள் சிலவற்றால் கால்களுக்குள் ஒரு தவிப்பு வரும். ஓரிடத்தில் இருக்க முடியாது, இருந்தால் எழும்ப வேண்டும், நின்றால் நடக்க வேண்டும், அகதீசியா என்று சொல்வோம். பூசை நடுவே எழும்பி நடப்பவரை "குழப்பம் செய்கிறார்" என்று வெளியே கூட்டிப் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பாவம், அவர் குழப்பவில்லை, கால் விடுகிறதில்லை. இதற்கு மருந்தில் செய்ய வேண்டியதை நாங்கள் செய்வோம். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கான அறிவு எங்கள் ஊரிலேயே கிடக்கிறது: பிரகாரம். சிற்றாலயத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஆறு அடி அகலத்தில் ஒரு கூரை போட்ட விறாந்தை விடுங்கள். உட்சுவர் இடுப்பளவு மட்டும் உயரட்டும், மேலே திறந்திருக்கட்டும். நடக்க வேண்டியவர் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பூசை கேட்கலாம். கோணேசர் கோயிலிலும் பத்திரகாளி கோயிலிலும் சுற்றி வந்து பழகிய சைவ நோயாளிக்கு, உள்ளே போகாமல் வலம் வந்துவிட்டுப் போவது மிக இயல்பாக இருக்கும், யாரும் அவரை வித்தியாசமாகப் பார்க்கவும் மாட்டார்கள். தாதி அதே விறாந்தையில் ஒரு கதிரை போட்டு இருக்கலாம். இடுப்புயரச் சுவர் என்பதால் உள்ளே இருப்பவர் தெரிவார், ஆனால் தலைக்கு மேல் நின்று காவல் காப்பது போல் இருக்காது. பக்கச் சுவர் இல்லாத சிற்றாலயம் என்றால் ஆயர் ஒத்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயம் பழைய அரச சபா மண்டபத்தின் சாயலில், செதுக்கிய கல்தூண்களோடு, பக்கம் திறந்துதான் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அடுத்தது வெக்கை. மே தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் கச்சான் அடிக்கும்போது திருகோணமலையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மருந்துகளில் பல வியர்ப்பதைக் குறைக்கும், உடம்பு சூட்டை வெளியே விட முடியாமல் திணறும். குளோர்புரோமசின் குடிப்பவரின் தோல் கொஞ்ச வெயிலிலேயே எரியும். லித்தியம் குடிப்பவருக்கு உடம்பில் நீர் வற்றினால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஆபத்தாகக் கூடும். பலருக்கு வாய் காயும். ஆக, மேற்குப் பக்கம் கூரையை நன்றாக நீட்டி இறக்குங்கள், வாட்டில் இருந்து சிற்றாலயம் வரைக்கும் நிழல் பாதை போடுங்கள், வாசலில் குடிதண்ணீர் வையுங்கள். கண்ணாடியும் குளிரூட்டியும் நம்பிக் கட்டிய மண்டபம் மின்சாரம் போன அன்று அடுப்பாகிவிடும். வடகிழக்குப் பக்கமும் கூரை தாழ இறங்க வேண்டும், கார்த்திகை மார்கழி மழை அங்கேயிருந்துதான் அடிக்கும்.

எழும்பி நிற்கும்போது தலை சுற்றுவதும் மருந்தால்தான். முழங்காலில் இருந்து எழும்புகிறவர் பிடிக்க ஏதாவது வேண்டும், விழுந்தால் படும் இடம் கூராக இருக்கக் கூடாது. இதை 100 வருடத்துக்கு முன்பே யோசித்த ஒருவர் இருந்தார். வியன்னாவில் ஸ்டைன்ஹோஃப் மனநல மருத்துவமனைக்காக ஒட்டோ வாக்னர் கட்டிய தேவாலயம், 1907இல் திறந்தது. வாங்குகளின் முனைகளை உருட்டிச் செய்தார். எல்லோரும் ஒரே தொட்டியில் கை வைத்தால் தொற்று வரும் என்று தீர்த்தத்தைச் சொட்டுச் சொட்டாக விழவைத்தார். தரையைப் பீடத்தை நோக்கிச் சற்றுச் சரித்தார். பிரசங்க மேடைக்கு ஏறும் வழியைக் குருவின் உடை மாற்றும் அறைக்குள்ளே வைத்தார், நோயாளர் யாரும் திடீரென்று ஏறாமல் இருக்க. உங்கள் அண்ணாவை நினைத்துக்கொள்வீர்கள் என்று தெரியும். இப்படிப்பட்ட ஒருவரை அவமானப்படுத்தி இறக்கும் நிலை வராமல் இருக்கக் கட்டடமே உதவலாம் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வளாகத்தின் இன்னொரு பக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: 1940க்கும் 1945க்கும் இடையில் நாசிகள் அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கொன்றார்கள். குன்றின் மேல் அந்த அழகான கோயில் நின்றுகொண்டுதான் இருந்தது. அதனால் கேட்கிறேன், அந்த மருத்துவமனையில் வாட்டுகளின் கழிவறைகளைப் பார்த்தீர்களா? கதவும் தண்ணீரும் ஒழுங்காக இருக்கின்றனவா? இல்லையென்றால் கோபுரத்துக்கு ஒதுக்கிய காசை அங்கே திருப்பக் கொடையாளரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

சத்தம், நிறம், சிலுவை

கோபுரம் வேண்டவே வேண்டாம். ஏறக்கூடிய உயரம் எதையும் அந்த வளவில் கட்டாதீர்கள். பெரிய மணியும் வேண்டாம். ஷெல் காலத்தைக் கண்டவர்களுக்குத் திடீரென்று விழும் பலத்த ஓசை என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் விளக்கத் தேவையில்லை. கையில் ஆட்டும் சின்ன மணி போதும். ஒலிபெருக்கி 40 பேருக்கு எதற்கு? குரல் கேட்கும் வருத்தம் உள்ளவருக்கு, பேசுபவர் முன்னால் நிற்க அவர் குரல் பின்சுவரில் இருந்து வருவது பெரிய குழப்பம். பக்கம் திறந்து, ஓட்டுக்குக் கீழே பலகை அடித்தால் எதிரொலி தானாகக் குறையும். தரைக்குப் பளபளக்கும் மாபிள் வேண்டாம், பழைய வீடுகளில் இருந்த சிவப்புச் சீமெந்துத் தரை நல்லது.

நிறக் கண்ணாடியை முழுதாக விட வேண்டியதில்லை. உங்களைப் பார்ப்பது போன்ற கண்களோடு முகங்கள் மட்டும் வேண்டாம், யாரோ தன்னையே கவனிக்கிறார்கள் என்ற பயம் உள்ளவருக்கு அது தாங்காது. கைக்கு எட்டாத உயரத்தில், உடைந்தாலும் சிதறாத கண்ணாடியில், வெறும் நிறமாக இருக்கட்டும். மாலை வெயிலில் தரையில் ஒரு நீலத் துண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

சிலுவையில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆழ்ந்த மனச்சோர்வில், செய்யாத பாவத்துக்கெல்லாம் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்ளும் ஒருவருக்கு இரத்தம் வழியும் சுரூபம் குற்றச்சாட்டாகத் தெரியலாம். இன்னொருவர் அதே காயத்தைப் பார்த்து, என்னைப் போல அவரும் வலிபட்டார் என்று ஆறுதல்படுவார். இரண்டையும் என் நோயாளரிடம் கேட்டிருக்கிறேன். சிலுவைக்கு நேரே இல்லாமல் சற்றுப் பக்கமாக, முற்றத்து மரத்தைப் பார்த்தபடி நாலைந்து இருக்கைகள் போட்டுவிடுங்கள், ஆட்கள் தங்கள் இடத்தைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

மூன்று அடையாளமும் ஒரே சுவரில்?

நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள், ஆனால் வேண்டாம். உருவம் இருக்கும் இடத்தில் முஸ்லிம் சகோதரர் தொழ மாட்டார். திருநீறும் கற்பூரமும் இல்லாமல் சுவரில் ஒரு ஓம் மட்டும் வைப்பதால் சைவருக்கு அது கோயிலாகிவிடாது. கத்தோலிக்கருக்கோ நற்கருணைப் பேழை இருக்கும் இடம் பொது மண்டபம் அல்ல. எல்லோருக்குமாக என்று தொடங்கி யாருக்கும் சொந்தமில்லாத சுவர் ஒன்று மிஞ்சும். சிற்றாலயம் நேர்மையாகச் சிற்றாலயமாகவே இருக்கட்டும். அதே விறாந்தையின் மறுமுனையில், எந்த உருவமும் இல்லாத ஒரு வெறும் அறை கட்டுங்கள்: பாய், கை கால் கழுவ ஒரு தண்ணீர்க் குழாய், மேற்கில் இருந்து சற்று வடக்கே சாய்ந்த கிப்லாத் திசைக்குத் தரையில் ஒரு கோடு. தொழலாம், தியானம் இருக்கலாம், எதையும் நம்பாதவர் சும்மாவும் இருக்கலாம். சைவ நோயாளரிடம் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்யுங்கள். முற்றத்து வேம்புக்கடியில் ஒரு விளக்குமாடம் போதும் என்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், என்றாலும் கேளுங்கள்.

இங்கே உரிமைகளையும் சொல்லிவிட வேண்டும், நிர்வாகத்துக்கு நீங்கள் எழுத்தில் கொடுக்க உதவும். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லா ஆளுக்கும் தருகிறது. வாட்டில் படுத்திருப்பதால் அது போய்விடாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றிருக்கிறது. ஆகவே யாரையும் பூசைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. வந்தவருக்கு பிஸ்கட், வராதவருக்கு முகச்சுளிப்பு என்பதும் கட்டாயப்படுத்தல்தான். செபிக்கும் நோயாளரைப் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பவும் கூடாது. இன்னொன்று, புதிய வழிபாட்டிடங்களுக்கு மத அமைச்சின் முன் அனுமதி கேட்டு 2008இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. உள்ளூராட்சி சபைக்கு வரைபடம் போகும் முன்னரே ஒரு சட்டத்தரணியிடமும் ஆயர் இல்லத்திலும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்தைப் பற்றி நேராக

தீர்மானித்தவரைத் தடுக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். இது தவறு, அதைத் தவறு என்று உலகத்துக்கே காட்டியது எங்கள் நாடுதான். 1995 அளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகத்திலேயே மிக உயர்ந்த எண்ணிக்கைகளில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தோம். அடுத்த 20 வருடத்தில் அந்த விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. மனிதரின் துயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. அந்த நிமிடத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் கொல்லும் பொருள் இல்லை, நிமிடம் கடந்தது, ஆள் பிழைத்தார். வாட்டிலும் அதேதான். எனவே கைக்கு எட்டும் உயரத்தில் பாரம் தாங்கும் கொளுவியோ கம்பியோ வேண்டாம், விளக்கும் சுரூபமும் சுவருக்குள் பதிந்திருக்கட்டும், மறைவான மூலை இருக்கக் கூடாது, தூக்கி எறியக்கூடிய பாரமான மெழுகுதிரித் தண்டு வேண்டாம். நெருப்பு இருக்கும் நேரம் ஒரு ஊழியர் கூடவே இருக்க வேண்டும். மற்ற நேரங்களில் ஏற்றுவதற்குப் பதிலாக ஒரு அகலத் தண்ணீர்ப் பாத்திரமும் பக்கத்தில் ஒரு தட்டுப் பூவும் வையுங்கள், நித்தியகல்யாணியோ செம்பரத்தையோ, வளவில் பூத்தது எதுவோ அது. ஒரு பூவை மிதக்க விடுவதும் வேண்டுதல்தான். இவ்வளவையும் அழகாகச் செய்ய முடியும், அது உங்கள் கைத்திறன். வரைபடத்தை மருத்துவமனையின் மனநல வைத்தியரோடும் மூத்த தாதியோடும் இருந்து ஒவ்வொரு பொருத்தாகப் பாருங்கள்.

பூட்டு பாதுகாப்பு என்று நினைக்கும் நிர்வாகிக்குத் தமிழ்நாட்டு ஏர்வாடியை நினைவுபடுத்துங்கள். 2001 ஓகஸ்ட் 6, தர்கா ஊரில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்து போனார்கள்.

கோயில் வருத்தத்தைக் கிளப்புமா?

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அண்ணா சேர்ச்சில் எழும்பி நின்ற அன்றுதான் வருத்தம் வெளியே தெரிந்தது, அங்கிருந்து தொடங்கவில்லை. மனச்சிதைவு மூளையில் முன்பே தொடங்கிவிட்டிருக்கும், பிறகு அந்த ஆளுக்குப் பழக்கமான உலகத்தில் இருந்து சொற்களை எடுத்துக்கொள்ளும். பூசைக்குப் போகிறவருக்குக் கடவுள் அனுப்பினார் என்று வரும், ரேடியோவோடு இருப்பவருக்கு ரேடியோ தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று வரும். கடவுளை மறைத்துவிட்டால் வருத்தம் வராமல் விடாது. சிலருக்குக் கடும் நிலையில் கூட்டமும் பாட்டும் அதிகமாகிவிடும் என்பது உண்மைதான், அந்த நாட்களில் விறாந்தை இருக்கிறது, வெறும் அறை இருக்கிறது, வராமல் இருக்கவும் வழி இருக்கிறது.

நம்பிக்கை இடங்கள் நல்லதும் செய்கின்றன. 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் பெங்களூர் மனநல வைத்தியர்கள் ஒரு ஆய்வு எழுதினார்கள். தமிழ்நாட்டில் ஒரு சின்னக் கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளரை அவர்கள் பார்த்தார்கள். அங்கே பூசையும் சின்னச் சின்ன வேலையும் மட்டுமே, கட்டும் இல்லை, அடியும் இல்லை, மருந்தும் இல்லை. சராசரி ஆறு கிழமையில் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. இதை வைத்து மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது சின்ன ஆய்வு, நிறுத்தினால் திரும்ப வருவதை நான் ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன். அன்பாக இருக்கவிட்ட ஒரு இடம் என்ன செய்யும் என்பதைத்தான் அதில் பார்க்க வேண்டும். அதனால் சிற்றாலயத்தில் பேயோட்டுதல் நடக்காது, குணமாகிவிட்டது என்று சொல்லி மருந்தை நிறுத்தச் சொல்லும் பிரசங்கம் நடக்காது என்று குருவானவரும் வைத்தியரும் சேர்ந்து கட்டுவதற்கு முன்னரே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

கொடையாளர் ஒத்துவராவிட்டால் வேலையை விடலாமா என்றும் கேட்டீர்கள். விடலாம். ஆனால் அதற்கு முன் எதில் விட்டுக்கொடுப்பீர்கள், எதில் மாட்டீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெயர்க் கல், கண்ணாடியின் நிறம், ஓட்டின் வடிவம் எல்லாம் அவர்கள் விருப்பம் போல இருக்கட்டும். இரண்டு வாசல், பூட்டில்லாத பகல் நேரம், ஏறும் உயரம் இல்லாமை, இந்த மூன்றிலும் அசையாதீர்கள். காரணத்தோடு கடிதமாகக் கொடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பைக் குறைத்துக் கட்டச் சொன்னால் அதே கடிதத்தைக் காட்டி மரியாதையாக விலகலாம், முதல் வேலை போய்விட்டதே என்று நினைக்க வேண்டாம்.

வரைபடத்தோடு வாட்டுக்குப் போகாதீர்கள், அது யாருக்கும் விளங்காது. காட்போட்டில் ஒரு மாதிரி செய்து, கூரையைக் கழற்றி எடுக்கக்கூடியதாகச் செய்து, ஒரு பின்னேரம் மேசையில் வையுங்கள். பத்துப் பதினைந்து புளியங்கொட்டையும் கொண்டு போங்கள், ஆளுக்கொன்று கொடுத்து, நீங்கள் எங்கே இருப்பீர்கள், வைத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அளவுநாடா பிடித்த அந்த ஐயாவிடம் முதலில் கொடுங்கள். பிறகு மாதிரியை வீட்டுக்குக் கொண்டு போய் அண்ணாவிடமும் காட்டுங்கள். அவர் கொட்டையை எங்கே வைத்தார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.